கடலோரக் காருக்கு எந்த டயர்? ராமநாதபுரம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக் கார் எடுத்த கையோடு அலாய் வீல், அகல டயர் என்று கடைக்குப் போகிறவர்கள் நம் பக்கம் நிறைய. 14 இஞ்சு ரிம்மோடு வந்த கார் 16 இஞ்சு ரிம்மில் ஏறி நிற்கும்போது எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கார் பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது எப்படிப் போகும், ஐப்பசியின் முதல் மழையில் எங்கே போய் நிற்கும், தனுஷ்கோடி ரோட்டோர மணலில் ஒரு சக்கரம் இறங்கினால் ஏறி வருமா என்பதையெல்லாம் கடையில் யாரும் பேசுவதில்லை. விலை பேசுவதோடு சரி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரைக்கு டயரின் அகலத்தைவிட அதன் பக்கச்சுவரின், அதாவது ரிம் விளிம்புக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கும் ரப்பரின், உயரம்தான் பெரிய சொத்து. ஏன் என்று கணக்கோடு பார்க்கலாம்.

படி 1: கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்தக் காருக்குக் கம்பெனி சொன்ன டயர் அளவும், ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு காற்று, முழு லோடுக்கு எவ்வளவு காற்று என்பதும் அதில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் கட்டாயம் பாருங்கள். முந்தைய ஓனர் என்ன மாட்டியிருந்தாரோ அதுவே சரியான அளவு என்று நினைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து டயரைப் படியுங்கள். உதாரணத்துக்கு, 185/65 ஆர் 15 88 எச். முதலில் வரும் 185 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டர் இல்லை. அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 65 அப்படியே இருக்க அகலம் மட்டும் கூடினால் பக்கச்சுவரும் கூடவே உயர்ந்துவிடும். ஆர் என்றால் ரேடியல். இன்றைய கார் டயர் எல்லாம் அதுதான். 15 ரிம்மின் விட்டம், இஞ்சில். 88 சுமைக் குறியீடு: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்ற வேக எழுத்து. டி (T) என்றால் 190, வி (V) என்றால் 240.

நாம் எங்கே 200-ல் போகப்போகிறோம், எந்த எழுத்தாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான அளவுகோலும்கூட. சித்திரை வெயிலில் மதுரை–பரமக்குடி நான்குவழிச் சாலையில் முழு லோடோடு 100-ல் வருகிற காருக்குச் சூடுதான் முதல் எதிரி. அதனால் கம்பெனி கொடுத்த எழுத்துக்கும் சுமைக் குறியீட்டுக்கும் கீழே இறங்காதீர்கள்.

பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயர் வாங்கும்போது இதைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கடை மாடியில் வெயில் படக் கிடந்த இரண்டு வருஷத்து டயரும் 'புதுசு'தான். பில்லில் அப்படித்தான் போடுவார்கள்.

படி 2: மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

டயர் மாற்றும்போது காப்பாற்ற வேண்டியது மொத்த விட்டத்தை. ரிம் அளவை 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் விட்டம் கிடைக்கும். சிறிய கார்களில் நாம் அடிக்கடி பார்க்கும் மூன்று அளவுகள்:

165/80 ஆர் 14: பக்கச்சுவர் 132 மி.மீ., மொத்த விட்டம் 619.6 மி.மீ.
185/65 ஆர் 15: பக்கச்சுவர் 120 மி.மீ., மொத்த விட்டம் 621.5 மி.மீ.
195/55 ஆர் 16: பக்கச்சுவர் 107 மி.மீ., மொத்த விட்டம் 620.9 மி.மீ.

மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரம். ஒரே மாடலின் கீழ் வேரியன்ட்டுக்கு 14 இஞ்சும் மேல் வேரியன்ட்டுக்கு 15 இஞ்சும் கொடுக்கும் கம்பெனிகள் இந்தக் கணக்கை வைத்துத்தான் கொடுக்கின்றன. ரிம் ஏற ஏறப் பக்கச்சுவர் இறங்குகிறது, வெளிவட்டம் மாறுவதில்லை.

165/80 ஆர் 14-ஓடு வந்த காருக்கு, '15 இஞ்சு அலாய் சல்லிசா கிடைச்சுச்சு' என்று 185/55 ஆர் 15 மாட்டினால் என்ன ஆகும்? விட்டம் 584.5 மி.மீ. கிட்டத்தட்ட 5.7 சதவீதம் குறைவு. மீட்டர் 100 காட்டும்போது கார் 94-ல்தான் போகும். கிலோமீட்டர் கணக்கும் உண்மையில் ஓடியதைவிடக் கூடுதலாக ஏறும். காரின் அடிவயிறு 17 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிற நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது சின்ன விஷயம் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த அளவில் சுமைக் குறியீடு 82 என்று வரும்: டயருக்கு 475 கிலோ. முன்பு இருந்த 165/80-இல் 85, அதாவது 515 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 160 கிலோ குறைகிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ராமேசுவரத்திலிருந்து தீர்த்தக் கேன்களுமாகத் திரும்பும்போது அந்த 160 கிலோதான் கைகொடுக்க வேண்டியது.

மறுபக்கமும் தப்பு நடக்கும். 205/65 ஆர் 15 மாட்டினால் விட்டம் 647.5. மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 104-க்கு மேல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்பக்கம் உரசும். இழுவையும் குறையும்; மாவட்டமே தட்டை என்பதால் நம் ஊரில் அது அவ்வளவாகத் தெரியாது, பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் முழு லோடோடு ஏறும்போது தெரியும்.

பழைய விட்டத்துக்கு மேலேயோ கீழேயோ 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்ட வேண்டாம். அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவுக்கு மாறினால் இன்னும் நல்லது. இன்ஷூரன்ஸ் பேச்சு வந்தாலும் வாதாட வேண்டியிருக்காது.

படி 3: அகலம் என்ன தரும், என்ன பறிக்கும்

அகல டயர் என்றால் ரோட்டில் அதிக ரப்பர் படும், அதனால் பிடிப்பு கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ரோட்டில் படுகிற பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சுமையும் காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ, உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று என்றால் அந்தப் பரப்பு சுமார் 180 சதுர செ.மீ.; விரல்களோடு சேர்த்து விரித்த ஒரு கையின் அளவு. 165 டயர் போட்டாலும் 195 போட்டாலும் அதே அழுத்தத்தில் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும். ஒல்லி டயரில் அது நீளவாக்கில் இருக்கும். அகல டயரில் குட்டையாகி, பக்கவாட்டில் விரியும்.

இந்த வடிவ மாற்றம் ஸ்டியரிங்கில் உடனே தெரியும். பக்கவாட்டில் விரிந்த பரப்பு வளைவில் சீக்கிரம் பிடிக்கிறது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே மூக்கு திரும்பும். காய்ந்த தார் ரோட்டில் அகல டயர் கொடுக்கும் சுகம் இதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரோட்டில் தண்ணீர் நின்றால் கதை திரும்பும். நீளமான ஒல்லிப் பரப்பு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். அகலப் பரப்பு அதிகத் தண்ணீரைக் குறைந்த நேரத்தில் ஒதுக்க வேண்டும். முடியாதபோது அதன் மேலேறி மிதக்கும். இது போக, அகல டயரும் பெரிய ரிம்மும் கனம் அதிகம். ஸ்டியரிங் இறுகும், பெட்ரோல் கொஞ்சம் கூடும், ரோட்டில் பள்ளத்தடம் இருந்தால் கார் அதன் போக்கில் இழுக்கப் பார்க்கும்.

ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். 185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6.5 இஞ்சு அகல ரிம் சரி. அதைவிட ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உப்பிக்கொண்டு நிற்கும். ஸ்டியரிங் திருப்பியபின் கார் ஒரு கணம் யோசித்துத் திரும்புவதுபோல் இருக்கும்.

படி 4: பக்கச்சுவரை நம் ரோட்டோடு சேர்த்துப் பாருங்கள்

குட்டைப் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். திருப்பியதும் திரும்பும், வளைவில் சாயாது. உயரமான பக்கச்சுவர் நெளியும். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே கொஞ்சம் தாமதம் வரும், பதிலுக்கு அடியை வாங்கிக்கொள்ளும். பந்தயத் தளத்தில் முதலாவது நல்லது. நம் பக்கம் எது என்பதற்குச் சாயல்குடியிலிருந்து தொண்டி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். வேகத்தடை, பாலத்து இணைப்பு, தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு, மழையில் பெயர்ந்த குழி. 107 மி.மீ. பக்கச்சுவர் ஒரு கூரான குழியில் விழுந்தால் ரிம் நெளியும். இல்லையென்றால் டயருக்குள் நூல் அறுந்து பக்கச்சுவரில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் வரும். வீங்கிய டயரை ஒட்ட முடியாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். 132 மி.மீ. பக்கச்சுவர் அதே குழியில் விழுந்தால் பெரும்பாலும் 'டப்' என்ற சத்தத்தோடு போய்விடும்.

உயரமான பக்கச்சுவருக்கு ஒரு பலவீனமும் உண்டு. சீமைக்கருவேலமும் உடைமரமும் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் ஒற்றையடி வண்டிப்பாதையில் முள்ளுக்கு முகம் கொடுப்பது பக்கச்சுவர்தான். தரையில் படுகிற இடத்தில் ஏறிய முள்ளுக்குப் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டக்கூடாது. தோப்புக்கும் உப்பளத்துக்கும் தினம் போகிற வண்டி என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு என் சிபாரிசு: ரிம்மை ஒரு இஞ்சு ஏற்றுவதோடு நிறுத்துங்கள். 14-இலிருந்து 15, 185/65. ஸ்டியரிங் முன்னைவிடத் தெளிவாகும், 120 மி.மீ. பக்கச்சுவரும் கையில் இருக்கும். 16 அழகுக்கு மட்டும்.

படி 5: வகையைத் தேர்ந்தெடுங்கள்

டயரின் ரோட்டில் படும் முகத்தில் இருக்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். அந்தப் பட்டன் அமைப்பில் மூன்று வகை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது சாதாரண வகை. எப்படி வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம், விலையும் குறைவு. நடுவிலிருந்து அம்புமுனை போல வரி ஓடுவது ஒரே திசையில் சுற்ற வேண்டிய வகை. தண்ணீரை நன்றாக ஒதுக்கும், ஆனால் பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் அந்த நன்மை போய்விடும். மூன்றாவதில் உள்பக்கம் ஒரு மாதிரி, வெளிப்பக்கம் ஒரு மாதிரி. வெளிப்பக்கத்துப் பெரிய கட்டிகள் வளைவில் பிடிக்கும், உள்பக்கத்து வரிகள் தண்ணீரைத் தள்ளும். 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

கடைக்காரர் 'இது ரொம்ப வருஷம் உழைக்கும்ணே' என்று சொன்னால் ரப்பர் கெட்டி என்று அர்த்தம். கெட்டி ரப்பர் மெதுவாகத் தேயும், ஈர ரோட்டில் பிடிப்பும் குறைவாகவே இருக்கும். வருஷம் முழுக்க டாக்ஸி ஓட்டுகிறவருக்கு அது நியாயமான பேரம். குடும்பத்தோடு எப்போதாவது ஓட்டுகிறவருக்கு டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். அவர் ஈரத்தில் பிடிக்கிற, சிலிக்கா கலந்த மிருதுவான டயரைக் கேட்டு வாங்கலாம்.

எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கு எச்.டி. (H/T), ஏ.டி. (A/T) என்ற குழப்பம் வரும். எச்.டி. நெடுஞ்சாலைக்கு. ஏ.டி. டயரில் பட்டன் பெரிது, இடைவெளி அதிகம். கல், சேறு, மேடு பள்ளத்துக்கு நல்லது. தார் ரோட்டில் அந்தப் பட்டன் நெளிவதால் ஸ்டியரிங் மந்தமாகும், இரைச்சல் போடும், ஈரத்தில் நிற்கும் தூரம் கூடும். 'மணலுக்கு ஏ.டி. போடு' என்று சொல்வார்கள். கடற்கரை மணலுக்குப் பெரிய பட்டன் தேவையே இல்லை, அது மணலைத் தோண்டத்தான் செய்யும். காற்றைக் குறைத்த சாதாரண டயர் அதைவிட நன்றாக மணல்மேல் போகும்.

மின்சாரக் கார் கனம் அதிகம், எடுத்த எடுப்பில் இழுக்கும். அதற்கு எக்ஸ்.எல். என்று குறித்த, கூடுதல் சுமை தாங்கும் டயர் கம்பெனி கொடுத்திருந்தால் அதே தரத்தில் வாங்குங்கள்.

ஒரே அச்சின் இடது வலது டயர்கள் அளவிலும் பட்டனிலும் தேய்மானத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

படி 6: இரண்டு டயர்தான் மாற்றுகிறீர்களா? புதுசு பின்னால்

இதை நம்ப வைப்பது கஷ்டம். முன்சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கு அதற்குத்தான். எனவே புதுசு முன்னால் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடுவதைக் கை உணரும். காலை எடுத்தால் கார் பெரும்பாலும் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் எந்த முன்னறிவிப்பும் இல்லை. வால் வீசி, கார் குறுக்கே திரும்பிவிடும். அதைத் திருத்த நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கம் கிடையாது. அதனால் நல்ல பட்டன் உள்ள ஜோடி பின்னால்.

படி 7: காற்று

இவ்வளவு யோசித்து வாங்கிய டயரைக் காற்றுக் கடையில் ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிடலாம். பரமக்குடி தாண்டி, வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்து பங்க்கில் நிறுத்துவோம். தம்பி மானியை வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு இருக்குண்ணே, முப்பத்திரண்டுக்குக் குறைச்சுரவா?" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த டயரில் 32 வைத்தது, ஓட்டத்திலும் வெயிலிலும் சூடாகி 36 ஆகியிருக்கிறது. 10 டிகிரி சூடு கூடினால் சுமார் 2 பி.எஸ்.ஐ. ஏறும். இப்போது 32-க்கு இறக்கினால், மறுநாள் காலையில் 28-தான் இருக்கும். 28-ல் முழு லோடோடு ஓடினால் பக்கச்சுவர் அதிகம் நெளிந்து இன்னும் சூடாகும். கோடையில் டயர் வெடிப்பதற்குப் பழைய டயரும் குறைந்த காற்றும்தான் பெரும்பாலும் காரணம். அதிகக் காற்று அவ்வளவு இல்லை. காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். சொந்தமாக ஒரு மானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முன்சக்கரத்தில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும், வளைவில் கார் வெளியே போகப் பார்க்கும். பின்சக்கரத்தில் குறைந்தால் வால் ஆடும். ஆள் ஏறி டிக்கியும் நிறைந்தால் பின்னால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது அந்தக் கதவு ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் குறைவு.

நைட்ரஜன் பற்றிக் கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமென்றால் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: பாலத்துக் காற்றும் தனுஷ்கோடி மணலும்

1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் மறைப்பே கிடையாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மண்டபத்திலிருந்து ஏறினால் வலதுபக்கத்திலிருந்து கார்மேல் மோதும். அப்போது காரை நேராக வைத்திருப்பதில் பின்சக்கரங்களுக்குத்தான் பெரிய பங்கு. பின் டயரில் காற்று குறைவு, கூரைக் கேரியரில் மூட்டை என்றால், காற்று தள்ளும்போது பக்கச்சுவர் நெளிந்து, கார் ஒரு கணம் தாமதித்து அசையும். நீங்கள் திருத்துவீர்கள், அந்தத் திருத்தமும் தாமதித்தே சேரும். எதிரே பஸ் வந்து கடக்கும்போது காற்று ஒரு விநாடி நின்று மறுபடி அடிக்கும். விறைப்பான பக்கச்சுவருக்கு இங்கே ஒரு மதிப்பெண் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயரமான பக்கச்சுவரில் சரியான காற்று வைத்து, வேகத்தை 50-க்குக் குறைத்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நடுப்பாலத்தில் போட்டோ எடுக்க நிற்கும் வண்டிகளுக்காகவாவது மெதுவாகத்தான் போக வேண்டும்.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குத் தார் ரோடு 2017-இல்தான் திறந்தது. அதற்கு முன் அங்கே போக மணலில் ஓடும் வேன்கள்தான். இப்போதும் காற்றடித்தால் ரோட்டின் மேல் மணல் மெல்லிய விரிப்பாகப் படியும். அதன்மேல் பிரேக் அடித்தால் எந்த டயராக இருந்தாலும் கேழ்வரகு கொட்டிய தரையில் கால் வைத்த கதைதான். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தாலும் தூரம் கூடும். மணல் தெரிந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள், அதன்மேல் திருப்பாதீர்கள்.

கடற்கரையில் கார் ஓட்டச் சொல்லவில்லை; அது கூடவும் கூடாது. ஆனால் எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போதோ அரியமான் சவுக்குத் தோப்புப் பக்கம் நிறுத்தும்போதோ சக்கரம் மணலில் இறங்கிவிடும். அப்போது:

ஆக்சிலரேட்டரை அமுக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் கீழேதான் போகும்.
சக்கரத்துக்கு முன்னால் குவிந்த மணலைக் கையால் தள்ளி, ஸ்டியரிங்கை நேராக்குங்கள்.
இழுக்கும் சக்கரங்களில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். ரோட்டில் படும் பரப்பு நீளமாகி மணல்மேல் பரவும்.
இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.
தார் ரோட்டுக்கு வந்ததும், ஓட்டுவதற்கு முன், காற்றை நிரப்புங்கள். லைட்டர் பிளக்கில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். அங்கே காற்றுக் கடையைத் தேடிக்கொண்டு குறைந்த காற்றில் ராமேசுவரம் வரை வரக்கூடாது.

107 மி.மீ. பக்கச்சுவரில் இந்த வித்தை சரிப்படாது. காற்றை இறக்கினால் ரிம் தரையைத் தொட்டுவிடும். நான் உயரத்தைச் சொத்து என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 9: முதல் மழை

நம் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவம்தான். மாதக்கணக்கில் காய்ந்த ரோட்டில் புழுதி, எண்ணெய், தேய்ந்த ரப்பர், மீன் லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் எல்லாம் படிந்திருக்கும். முதல் தூறல் அதைக் குழைத்துவிடும். ஓங்கிப் பெய்யும் மழையைவிட அந்த முதல் அரைமணி நேரம் மோசம்.

நின்ற தண்ணீரில் டயர் மிதக்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1960-களில் விமான டயர்களை வைத்து நாசா செய்த ஆய்விலிருந்து வந்தது. அதன்படி 32 பி.எஸ்.ஐ. டயர் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும், 24 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 82. காருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அகல டயர், தேய்ந்த பட்டன் என்றால் அதற்கும் கீழேயே மிதக்கும். புது டயரில் பட்டன் ஆழம் 7, 8 மி.மீ. இருக்கும். வரிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ரப்பர் மேடு 1.6 மி.மீ. உயரம், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். 3 மி.மீ.க்கு வந்த டயரைப் புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது நல்லது.

மிதந்துவிட்டால் பிரேக் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். சக்கரம் தரையைத் தொட்டுவிடும்.

படி 10: உப்பு

கடற்கரையில் பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும் டயர்கள் உண்டு. வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. குறையும், தண்ணீரில் அமுக்கினால் தரையில் படும் பக்கம் குமிழியே வராது. டயரை ரிம்மிலிருந்து பிரித்துப் பாருங்கள். டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்; இரும்பு ரிம்மென்றால் பொருக்குப் பொருக்காகத் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, சீலன்ட் தடவித் திரும்ப மாட்டினால் நிற்கும். வால்வையும் அப்போதே மாற்றுங்கள். வால்வு மூடி இல்லாமல் ஓடும் கார்களில் உள்ளே இருக்கும் வால்வு ஊசி அரிப்பதும் இப்படித்தான். அரிச்சல்முனை போய் வந்தால், சக்கரத்தின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

முள் ஏறியிருந்தால் வழியிலேயே பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் முள்ளே அடைப்பாக இருக்கும். கடை வரை ஓட்டிப் போய்ப் பிடுங்குங்கள்.

படி 11: மாட்டியபின் சோதிக்க வேண்டியவை

கடையை விட்டுக் கிளம்பும் முன்: அம்புக்குறி, அவுட்சைடு, நான்கு டயரின் தேதி, புது வால்வு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரி செய்வது). ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து உரசுகிறதா பாருங்கள்; பின்சீட்டில் ஆளை உட்கார வைத்து இன்னொருமுறை.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். 80-ஐ நெருங்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரப் பேலன்சிங், சீட் நடுங்கினால் பின்சக்கரம். கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் போனால் அலைன்மென்ட். புது டயரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, பிடிப்பு குறைவாகவே இருக்கும். முரட்டுப் பிரேக் வேண்டாம். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கச் சொல்லுங்கள். அலாயில் இது முக்கியம்.

மாதத்துக்கு ஒருமுறை உள்ளங்கையை டயரின்மேல் குறுக்காக, இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழ, மறு திசையில் பட்டனின் விளிம்பு கையைக் கீறுகிறது என்றால் அலைன்மென்ட் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கையும் 15-க்கு மாற்றிவிட்டு ஸ்டெப்னியை 14-இலேயே விட்டிருப்பீர்கள். விட்டம் ஒன்றாக இருப்பதால் அவசரத்துக்கு ஓடும். 80-க்கு மேல் போகாமல் கடை வரை. ஆனால் வெளிக்கடை அலாய்க்குத் தனி போல்ட் கொடுத்திருந்தால், அந்த போல்ட் இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது. பழைய போல்ட்டுகளை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு வையுங்கள். காற்றுக் கடைக்குப் போகும்போதெல்லாம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்க்கச் சொல்லுங்கள்.